கை வைக்காத வண்டி

பழைய கார்களை வாங்கி விற்கும் சந்தையில் "கை வைக்காத வண்டி" என்பதைவிட உயர்ந்த புகழுரை வேறில்லை. எஞ்சினில் கை வைக்கவில்லை, அடிச்சட்டத்தில் கை வைக்கவில்லை, வர்ணத்தில் கை வைக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள்; ஒவ்வொரு 'இல்லை'க்கும் விலை ஒரு படி ஏறும். ஆலையை விட்டு வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறதாம்! அறுபது மழைக்காலம் நனைந்த இரும்பு, அறுபது கோடை காய்ந்த இரும்பு, மனிதக் கையின் துணையின்றித் தானே ஓடிக்கொண்டிருக்கிறதாம்! புராணத்தை நம்பாதவர்கூட இந்தப் புராணத்தை நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிறார்.

இதை உரசிப் பார்க்கும் தேவை நமக்கு அண்மையில் செங்கோட்டையில் வந்தது.

செங்கோட்டை ஊரே கைமாறிய ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூர்-கொச்சியின் ஆட்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2019 வரை நெல்லை மாவட்டம். அதன்பின் தென்காசி மாவட்டம். பெயர்ப் பலகைகள் மாறின, முத்திரைகள் மாறின, வயலும் தெருவும் உழைக்கும் மக்களும் மாறவில்லை. ஆரியங்காவுக் கணவாய் ஏறிக் கொல்லம் செல்லும் சாலை ஊரைத் தொட்டுப் போகிறது. மலை ஏறி இறங்கும் வண்டிகளுக்குப் பழுது வரும். பழுது வருமிடத்தில் பட்டறை வரும். அத்தகைய பட்டறை ஒன்றில்தான் அந்த வண்டி நின்றது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966ஆம் ஆண்டு வாங்கப்பட்டது, பழைய சென்னை மாநிலத்தின் 'எம்.எஸ்.' எழுத்துகளை இன்னும் நெற்றியில் தாங்கியது.

வண்டியை முதலில் வாங்கியவரின் பேரன் நம்மைத் தேடி வந்தார். வெளியூரில் பணியாற்றும் இளைஞர். வண்டியை விற்க விரும்பினார்.

"வண்டியோட கதையை ஒரு பக்கம் எழுதித் தாங்க அண்ணாச்சி. தாத்தா வாங்கினது, ஒரே குடும்பம், கை வைக்காத வண்டி. இந்த மூணும் இருந்தாப் போதும்" என்றார்.

ஒரு பக்கம்தானே, எழுதிவிடலாம் என்று இசைந்தோம். ஆனால் எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? பதிவுப் புத்தகத்தைக் கேட்டோம். அதில் நான்கு பெயர்கள் இருந்தன. தாத்தா ஒரு மருத்துவருக்கு விற்றிருக்கிறார். மருத்துவர் ஒரு வழக்கறிஞருக்கு விற்றிருக்கிறார். 1994இல் இளைஞரின் தந்தை அதை மீட்டு வாங்கியிருக்கிறார். 'ஒரே குடும்பம்' என்பது அங்கேயே சரிந்தது. எஞ்சி நின்றது 'கை வைக்காதது' என்னும் பெருமை. அதைக் கேட்கப் பட்டறை மேஸ்திரியிடம் சென்றோம்.

அவர் சொன்னதை எழுதுமுன், அந்த வண்டியின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். ஏனெனில், 'மூலம்', 'தூய்மை' என்ற சொற்களெல்லாம் பிறப்பைத்தானே காட்டிப் பேசப்படுகின்றன!

ஹெரால்டு, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார். அதற்கு உருவம் வரைந்தவர் ஆங்கிலேயர் அல்லர். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. உடல் முழுவதையும் ஒன்றாக வார்த்துத் தரும் ஆலையின் துணை கிடைக்காமற் போகவே, தனி அடிச்சட்டம் அமைத்து, அதன்மேல் உடலைத் துண்டுதுண்டாகச் செய்து மறையாணி கொண்டு முடுக்கினர். அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலாட்டியின் வரைவில் 1962இல் வெளிவந்ததுதான் இன்று உலகெங்கும் சேகரிப்போர் தேடி அலையும் 'ஸ்பிட்பயர்' என்னும் விளையாட்டுக் கார். அதன் மாதிரி வண்டி ஆலையின் ஒரு மூலையில் தூசித் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் நிறுவனத்தை விலைக்கு வாங்கிய லேலண்டுக்காரர்கள் துணியை விலக்கிப் பார்த்த பிறகே அதற்கு வாழ்வு கிடைத்தது. நம் நாட்டிலோ, 1948இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைச் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் செய்தது. 1980களின் இறுதியில் அந்த ஆலையில் கார் செய்வது நின்றது.

இத்தாலியக் கோடு, ஆங்கிலேயச் சட்டம், தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கை! இதில் எது மூலம்? எது தூய்மை? கழற்றவும் பூட்டவும் ஏற்றதாகவே பிறந்த வண்டியைக் 'கை வைக்காதது' என்று சொல்வது, அதற்குப் பெருமையா, அதன் அறிவுக்கே பழியா?

மேஸ்திரிக்கு அறுபதைக் கடந்த வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நாம் கேட்டதும் சிரித்தார். பலகையின் மேலிருந்து எண்ணெய்க் கறை படிந்த கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். முற்பகுதி அவருடைய ஆசானின் கையெழுத்து; பிற்பகுதி இவருடையது. நாள், செய்த வேலை, போட்ட பொருள், வாங்கிய கூலி எல்லாம் அதில் இருந்தன.

குற்றாலச் சாரல் நமக்கு இன்பம், தகட்டுக்கு எமன். ஆனி, ஆடி மாதங்களில் பொழியும் அந்தப் பூந்தூறல் கதவின் அடியில் தங்கும். அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளுக்குள் புகும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு உதிரும். 1979இல் கீழ்த்தகடு இருபக்கமும் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1985இல் எஞ்சின் பிரிக்கப்பட்டு, சிலிண்டர் லேத்தில் குடையப்பட்டு, புதுப் பிஸ்டன் ஏறியிருக்கிறது. 1994இல் வலக்கதவு, சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்த வேறொரு ஹெரால்டின் கதவு. 2011இல் உடலை முழுதும் தூக்கி இறக்கி, சட்டத்தின் நீட்டுக் கைகளைப் புதிதாகச் செய்து பற்றவைத்திருக்கிறார். வர்ணம் மூன்று முறை.

முன்சக்கரத்தைத் திருப்பும் அச்சின் அடியில் 'ட்ரனியன்' என்றொரு சிறு உறுப்பு உண்டு. எல்லாரும் அதற்குக் கிரீசை அடைப்பார்கள்; அதற்கு வேண்டியதோ கெட்டியான கியர் எண்ணெய். கிரீஸ் திருகுமறைக்குள் இறங்காது, உறுப்பு வறண்டு தேயும், ஒருநாள் முறியும், சக்கரம் மடியும். மலைச்சாலையில் சக்கரம் மடிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஆறு மாசத்துக்கு ஒருதரம் எண்ணெய் விட்டிருக்கேன், நோட்டுல பாருங்க" என்றார். பார்த்தோம். தவறாமல் இருந்தது. நான்கு உரிமையாளர்களின் குடும்பங்களும் கணவாயின் வளைவுகளில் உயிரோடு திரும்பியது அந்த எண்ணெயால்!

"அப்படியானால் வண்டியையே மாற்றிவிட்டீர்கள் என்று சொல்லலாமா?" என்று கேட்டோம்.

"நான் மாத்தலைங்க. அதை வண்டியா இருக்க வச்சேன்" என்றார்.

இதே கேள்வி 1990ஆம் ஆண்டு இலண்டன் உயர்நீதி மன்றத்தில் எழுந்தது. வழக்குக்கு உரிய பொருள் 'ஓல்டு நம்பர் ஒன்' என்று புகழ்பெற்ற பென்ட்லிப் பந்தயக் கார். பிரான்சு நாட்டு லெ மான் நகரில் 24 மணி நேரம் நடக்கும் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் அடுத்தடுத்து வென்ற வண்டி. இருமுறையும் ஓட்டியவர்களுள் ஒருவர் வுல்ப் பர்னாட்டோ. தென்னாப்பிரிக்க வைரத்தில் திரண்ட செல்வத்துக்கு உரியவர். பென்ட்லி நிறுவனத்துக்கு முதல் போட்டவர். வென்ற வண்டி பின்னர் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டது. 1932இல் அதில் எட்டு லிட்டர் எஞ்சின் ஏற்றப்பட்டது. அவ்வாண்டே தடத்தின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து நொறுங்கியது. ஓட்டிய கிளைவ் டன்பீ மாண்டார். சிதைந்த வண்டியைத் திரும்பக் கட்டினர். இம்முறை பந்தயத்துக்கு அன்று, சாலையில் செல்லும் மூடுவண்டியாக. பிறகும் கைகள் மாறின, உறுப்புகள் மாறின.

அந்த வண்டிக்கு ஒரு கோடி பவுண்டு விலை பேசப்பட்டது. வாங்க ஒப்பியவர் பின்வாங்கினார்: "இது அந்த வண்டியே அன்று!" வல்லுநர்கள் ஒவ்வோர் ஆணியையும் ஆராய்ந்தனர். 1930இல் ஓடிய வண்டியின் உறுப்புகளில் எஞ்சியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. நீதிபதி ஒட்டன் என்ன சொன்னார்? இது மூல வண்டி என்று சொல்லவும் அவர் இசையவில்லை. போலி என்று தள்ளவும் இசையவில்லை. இடையில் எங்கும் அறுபடாமல், படிப்படியாக மாறி வளர்ந்து வந்த ஒரே பொருள் இது. ஆகவே, ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயருக்கு இது உண்மையாகவே உரியது என்று தீர்ப்பளித்தார். விற்றவர் வென்றார்.

இத்தீர்ப்பின் அடிப்படை எது? தொடர்ச்சி. தொடர்ச்சிக்குச் சான்று எது? எந்த ஆண்டு எது கழற்றப்பட்டது, எது பூட்டப்பட்டது என்னும் பதிவு. செங்கோட்டையில் அந்தச் சான்று எண்ணெய்க் கறையோடு பலகையின் மேல் கிடந்தது!

நம் நாட்டு விதியும் இதைத் தொடுகிறது. 2021ஆம் ஆண்டு ஒன்றிய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டுக்குச் செல்லும்; புதுப்பிக்க 5,000 ரூபாய்; எண்பலகையில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்பது நிபந்தனை. போலிகளைத் தடுக்க இது வேண்டியதே. ஆனால், வடிவம் கெடாமல் காத்தவன் யார் என்று கேட்டால், பழுது பார்த்தவன் என்றுதான் விடை வரும். வடிவத்தைப் போற்றிவிட்டு, வடிவத்தைக் காத்த கையை மறைப்பது எந்த ஊர் நேர்மை?

இதற்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு பாடம் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. தென்காசிக் கோயிலை ஏன் கட்டினார்கள் என்ற வழக்குக்குள் நாம் இங்கே போகவில்லை, கல்வெட்டைப் படிப்போம். பதினைந்தாம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கட்டடத்துக்குக் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும், உலகம் அறிய அவரைப் பணிகிறேன் என்று பொறித்து வைத்தான். எவராயினும்! குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. கட்டியவன் முடிமன்னன், ஆயினும், செப்பனிடுபவனுக்கு முன்னரே தலை தாழ்த்தினான். மன்னனின் அச்சம் வீண்போகவில்லை, கோபுரம் சிதைந்தது, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990ஆம் ஆண்டு, இலண்டனில் அந்தத் தீர்ப்பு வந்த அதே ஆண்டு, ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்தது. அதைத் தென்காசிக் கோபுரம் அன்று என்று சொல்பவர் எவரும் இல்லை.

மன்னனுக்கு இருந்த அந்தப் பணிவு, கார் விற்பவருக்கு ஏன் இல்லை? 'கை வைக்காத' என்ற சொல்லில் ஒரு பழைய நாற்றம் வீசுகிறது, தோழர்களே! சிலரின் கை பட்டால் பொருள் கெடும் என்று நெடுங்காலம் சொல்லி வந்த நாடு இது. கிணறு வெட்டிய கை நீரைத் தொட்டால் தீட்டு. கோயில் கட்டிய கை உள்ளே வந்தால் தீட்டு. அந்த நோய்தான், உருமாறி, காரை வாழ வைத்த கை கதையில் வந்தால் விலைக்கு இழுக்கு என்று இன்று பேசுகிறது.

நாம் எழுதிக் கொடுத்தோம், ஒரு பக்கம்தான். இடப்புறம் நான்கு உரிமையாளர், வாங்கிய ஆண்டு. வலப்புறம் இரண்டு மேஸ்திரிகள், செய்த வேலை, செய்த ஆண்டு. இளைஞர் படித்தார். நல்லவர்தான், கோபிக்கவில்லை. "வலது பக்கத்தை எடுத்திடுங்க அண்ணாச்சி. விலை இறங்கிடும்" என்றார். இயலாது என்றோம். தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வண்டி கணவாய்க்கு அப்பால் உள்ள ஒருவருக்கு விற்றது. கை வைக்காத வண்டி என்றே விற்றது. நம் தாள் மேஸ்திரியின் நோட்டில் முதற்பக்கமாக ஒட்டப்பட்டிருக்கிறது. வாங்கியவருக்கு ட்ரனியன் செய்தியை யாரும் சொல்லவில்லை என்று அறிந்து, மேஸ்திரி தாமே தொலைபேசியில் அழைத்து, "கிரீஸ் போட்டுடாதீங்க, எண்ணெய்தான்" என்று சொல்லியிருக்கிறார். கதையில் இடம் கிடைக்காத கைக்கு அந்த வண்டியின்மீது இன்னும் அக்கறை இருக்கிறது.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் பட்டறை உண்டு. அச்சகத்தில் பழைய பொறி உண்டு. வயலில் நீரிறைக்கும் எஞ்சின் உண்டு. அவற்றை வாங்கியவர் பெயர் பலகையில் இருக்கும். ஓட வைத்தவர் பெயரைக் கேட்டறியுங்கள். ஆண்டும் வேலையும் சேர்த்து எழுதி வையுங்கள். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு கிடைத்தால், பழைய தாள் என்று எடைக்குப் போட விடாதீர்கள். வரலாறு அதில்தான் இருக்கிறது.