கெண்டித் தண்ணீர் தரும் கூர்மை

காத்மாண்டுவின் தமேல் கடைவீதியில் குக்ரி விற்காத நினைவுப்பொருள் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிங்கமுகப் பித்தளைப் பிடி, பூவேலை செய்த உறை, முகம் பார்க்கலாம் போன்ற அலகு. கிழக்கு மலைகளில் ஓர் உழவர் இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குப் போகும் கத்திக்கும் அதே பெயர்தான். அது கறுத்திருக்கும், பிடியில் எண்ணெய் ஏறியிருக்கும், அலகில் சுத்தியல் பட்ட தழும்புகூடத் தெரியும். ஆனால் ஒரே வீச்சில் மூங்கிலைத் துண்டாக்கும். இந்த வேறுபாடு எந்த இடத்தில் உண்டாகிறது என்பதை நேரில் பார்க்கப் போஜ்பூருக்குப் போனேன். ஹிலேயைத் தாண்டி லேகுவாகாட்டுக்கு இறங்கி, அருண் நதியைக் கடந்து, மீண்டும் மலையேறினால் வரும் ஊர் அது. அகன்ற வயிறு கொண்ட 'போஜ்பூரே' வகைக் குக்ரிக்குப் பெயர் கொடுத்ததும் அந்த ஊரே.

தமிழ்நாட்டில் இந்தக் கத்தியை அறிமுகப்படுத்தியவர், இரவில் விசில் ஊதியபடி தெருவைச் சுற்றிவந்த கூர்க்கா. உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது என்ற கதையும் அவரோடு சேர்ந்தே பரவியது. நேபாள வீடுகளில் அந்தக் கதைக்கு வேலையே இல்லை. விறகு பிளக்க, புதர் வெட்ட, இறைச்சி துண்டாக்க என்று நாளில் பலமுறை குக்ரி உறையைவிட்டு வெளியே வருகிறது. தசைன் பண்டிகையில் கிடா வெட்டவும் அதே கத்திதான்.

கொல்லுப் பட்டறைக்கு அங்கே ஆரன் என்று பெயர். தகரக் கூரை, கரி உலை, தரையில் பதித்த பட்டடை. கொல்லர்கள் காமி என்னும் சாதியினர். பலர் விஸ்வகர்மா என்பதையே குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்கள். இரும்பு வருவது பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளிலிருந்து. மலைப்பாதையில் ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த அந்த எஃகில், கூர் பிடிக்கப் போதுமான கரி இருக்கிறது. மூத்தவர் குறடால் பட்டையைப் பிடித்துத் திருப்ப, இளைஞர்கள் சம்மட்டியை மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். 'தாஜு' என்று மரியாதையாக அழைத்தால் மூத்தவர் நிமிர்ந்து ஒரு சிரிப்பைத் தருவார். இரும்பு ஆறும்வரை பேச்சு கிடையாது.

அடித்து, வளைத்து, அரம் போட்டு உருவம் வந்துவிட்டால் குக்ரி ஆகிவிட்டது என்றுதான் வெளியாள் நினைப்பார். உண்மையில் அதன் தலைவிதி அதன் பிறகுதான் தீர்மானமாகிறது. அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வெட்டு விளிம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்கிறார் மூத்தவர். நீண்ட மூக்குள்ள ஒரு கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீரை விளிம்பின்மீது மட்டும் முன்னும் பின்னும் ஓடவிடுகிறார். விளிம்பு சட்டென்று கறுத்து இறுகுகிறது. முதுகு இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. முழு அலகையும் தண்ணீரில் முக்கியிருந்தால் இந்த எஃகு விரிசல் விடக்கூடும், அல்லது கண்ணாடிபோல் நொறுங்கும் நிலைக்குப் போய்விடும். இங்கே முதுகில் தங்கிய சூடு மெல்ல மேலே பரவி, அளவுக்கு மீறி இறுகிய விளிம்பைச் சற்றே தளர்த்துகிறது. வைக்கோல் நிறமும் அதையடுத்து நீலமும் அலகில் ஊர்ந்து வருவதை அவர் கண் விலகாமல் பார்க்கிறார். வேண்டிய நிறம் விளிம்பைத் தொட்டதும் மீண்டும் தண்ணீர். வெப்பமானி இல்லை, கடிகாரமும் இல்லை. தவறினால் நெடுநேர உழைப்பும் பழைய இரும்புக் குவியலுக்குப் போகும். விளிம்பில் வன்மையும் முதுகில் நெகிழ்வும் ஒரே இரும்பில் அமைவது இந்தத் தோய்ச்சலால்தான். நான் பார்த்த கைவேலைகளில் இதற்கு நிகரான துல்லியம் மிகக் குறைவு.

மீதி வேலைகளும் சாதாரணமல்ல. பிடிக்குப் பெரும்பாலும் எருமைக் கொம்பு அல்லது சிசௌ மரம். அலகின் வாலைப் பிடிக்குள் செலுத்தி, லாஹா என்னும் பிசினைக் காய்ச்சி ஊற்றி இறுக்குவது பழைய முறை. வால் பிடியின் முழு நீளத்துக்கும் ஓட, இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அடிப்பது பனாவால் முறை. முரட்டு வேலைக்கு இதையே கேட்டு வாங்குகிறார்கள். உறையைத் தைப்பவர்கள் சார்க்கி என்னும் தோல் தொழிலாளர்கள். உறையின் பின்புறம் இரண்டு சிறு கத்திகள் இருக்கும். கர்தா சில்லறை வேலைக்கு; கூரில்லாத சக்மக் பெரிய அலகைத் தீட்டவும் தீப்பொறி எழுப்பவும்.

வகைகள் பல. சிருபாதே புல்லிதழ்போல ஒடுங்கியது, கைக்கு லேசானது. சிர்ரா வகையில் அலகின் பக்கத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும். காத்மாண்டுவின் சாவுனியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில், 1559இல் கோர்க்காவைக் கைப்பற்றிய திரவ்ய ஷாவுடையது என்று சொல்லப்படும் குக்ரி இருக்கிறது. 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கிலேய–நேபாளப் போருக்குப் பிறகு உலகம் முழுக்க அறிந்த ஆயுதமாயிற்று குக்ரி. கிழக்கு நேபாள நகரமான தரானில் 1980களின் இறுதிவரை இயங்கிய பிரிட்டிஷ் கூர்க்கா முகாம், சுற்றுவட்டாரக் கொல்லர்களுக்கு வேலை கொடுத்தது.

புகழ் கத்தியைச் சேர்ந்தது, அடித்தவரைச் சேரவில்லை. ஜங் பகதூர் ராணா 1854இல் கொண்டுவந்த முலுகி ஐன் சட்டம், காமிகளையும் சார்க்கிகளையும் தீண்டத்தகாதவர்கள் பட்டியலில் வைத்தது. அவர்கள் செய்த குக்ரியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர்கள், அவர்கள் தொட்ட தண்ணீரைக் குடிக்க மறுத்தார்கள். 1963இல் வந்த புதிய சட்டம் அந்தப் பிரிவுகளைக் கைவிட்டது. தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச்சட்டம் 2011இல்தான் வந்தது. அறுவடைக்கு அறுவடை தானியம் வாங்கிக்கொண்டு ஊராரின் கொடுவாளையும் மண்வெட்டியையும் செப்பனிட்டுத் தந்த பாலி முறை தேய்ந்துவிட்டது. கரிக்கு மரம் வெட்டக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள். இவ்வளவு நுட்பம் தெரிந்தவர்கள் வேறு பிழைப்புத் தேடி வெளியேறுவது நேபாளத்துக்குப் பெரிய இழப்பு.

கையால் அடித்தது உயர்ந்தது, இயந்திரம் தொட்டது தாழ்ந்தது என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. மின்சாரச் சாணையும் இயந்திரச் சம்மட்டியும் கொல்லரின் தோளைக் காப்பாற்றுகின்றன, கத்தி கெடுவதில்லை. கெடுப்பது, மெல்லிய தகட்டை வெட்டித் தோய்ச்சலே இல்லாமல் மெருகேற்றி விற்பதுதான். கண்டுபிடிப்பது எளிது. விளிம்பில் சிறு அரத்தை ஓட்டினால் நல்ல குக்ரியில் அது வழுக்கும். முதுகில் ஓட்டினால் கடிக்கும். இரண்டு இடத்திலும் ஒரேபோலக் கடித்தால் அது சுவரில் மாட்டும் பொருள். எடையும் சொல்லும்: முதுகு பிடியருகே தடித்து, நுனியை நோக்கி மெலிய வேண்டும்.

நேபாளம் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த ஊரில், யார் அடித்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். போஜ்பூர், தரான் வரை போக முடிந்தால் ஆரனிலேயே வாங்குங்கள், கொல்லர் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். திரும்பும்போது விமானத்தில் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள்.