நச்சு, நாச்சி, நச்செள்ளை

குடும்ப அட்டையில் நான் நாச்சலை. வாக்காளர் அட்டையில் நச்சல்லை. கேஸ் புத்தகத்தில் யாரோ இரக்கப்பட்டு நாச்சியார் என்று எழுதிவிட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மட்டும் பெயர் சரியாக இருக்கிறது. அந்தப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, விவரப் படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைத்தவர் என் அப்பா.

ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் பெண் என் பெயர் வரும்போது ஒரு நொடி நிற்பாள். அந்த நிறுத்தத்திலேயே அது நான்தான் என்று தெரிந்து எழுந்துவிடுவேன். நாற்பது வருடத்துக்கு மேலாக என்னைக் கூப்பிடுவது அந்த மௌனம்தான். பெயர் அதற்குப் பிறகு வரும், வந்தாலும் தப்பாக வரும்.

ஐந்தாம் வகுப்பில் என்னை 'நச்சு' என்று கூப்பிட்டார்கள். நச்சுப் பாம்பு, நச்சுக் காய், நச்சுப் பொண்ணு. அழுதுகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "நக்கீரன், நப்பின்னை, நச்செள்ளை. முன்னால நிக்கிற 'ந' இருக்குதே, அது நல்ல-ங்கறதோட சுருக்கம். நீ நல்ல செள்ளை, கண்ணு."

"செள்ளைன்னா என்னங்கப்பா?"

"பொம்பளைப் பிள்ளை பேரு."

அன்றைக்கு அது பதிலாகவே தெரியவில்லை. கூடப் படித்த மல்லிகாவுக்குப் பூ இருந்தது, சரஸ்வதிக்குச் சாமி இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. பெண்ணின் பெயர் என்றால் அது பூவாகவோ சாமியாகவோ நதியாகவோ நல்ல குணமாகவோ இருக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே எனக்குள் யாரோ எழுதிவைத்திருந்தார்கள். எதுவாகவும் இல்லாமல் ஒருத்தியின் பெயராக மட்டும் இருப்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று புரிய எனக்கு முப்பது வயதாகிவிட்டது.

சங்க இலக்கியத்தில் இரண்டு செள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தி அந்துவஞ்செள்ளை. பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துப் பதிகத்தில், சேரன் இளஞ்சேரல் இரும்பொறையைப் பெற்ற தாயாக வருகிறாள். இன்னொருத்தி காக்கைபாடினியார் நச்செள்ளையார். குறுந்தொகையில் ஒன்று (210), புறநானூற்றில் ஒன்று (278), பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்து முழுவதும் என்று பன்னிரண்டு பாடல்கள் அவர் பெயரில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கிடைத்த எட்டுப் பத்துகளைப் பாடிய எட்டுப் பேரில் பெண் இவர் ஒருவர்தான்.

'காக்கைபாடினி' என்ற அடைமொழி குறுந்தொகைப் பாட்டால் வந்தது. பிரிந்துபோன தலைவன் திரும்பி வருகிறான். நீதான் அவளை இதுவரை தாங்கிக்கொண்டாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். தோழி அதை ஏற்கவில்லை. விருந்து வரும் என்று கரைந்ததே காக்கை, நெய்யும் சோறும் ஏழு கலத்தில் ஏந்தி வைத்தாலும் அதற்குக் குறைவுதான் என்கிறாள். பாராட்டைக் காக்கைக்குத் திருப்பிவிடுகிற அந்தப் பாட்டினால் பாடியவள் காக்கைபாடினி ஆனாள். பிறகு காக்கையே பெரிதாகி, பெயர் பின்னால் போய்விட்டது. வகுப்பில் கேட்டால் 'காக்கைபாடினியார்' என்பார்கள். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்பது பட்டியலுக்குப் பட்டியல் மாறும். முப்பது என்பவர்கள் உண்டு, நாற்பதைத் தாண்டுகிறவர்களும் உண்டு. 'ஆர்' என்ற மரியாதை விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மரியாதை கொடுத்த கையோடு பாலை அழித்துவிடுகிறது. வெண்ணிக்குயத்தியாரில் 'குயத்தி' இருப்பதால் பெண் என்று தெரிகிறது. காக்கைபாடினியாரில் 'பாடினி' இருக்கிறது. நச்செள்ளையின் பெயரை மறைத்த அதே அடைமொழிதான் அவர் பெண் என்பதற்குச் சாட்சி சொல்கிறது. அந்தக் காக்கையிடம் எனக்குக் கோபமும் உண்டு, நன்றியும் உண்டு.

பதிற்றுப்பத்துப் பதிகங்கள், பாடல்களோடு பிற்காலத்தில் சேர்ந்தவை. பாடியவர் பெற்ற பரிசில் என்ன என்று அவை கணக்குச் சொல்கின்றன. கபிலருக்கு நூறாயிரம் காணமும், குன்றின்மேல் ஏறி நின்று கண்ட நாடும். பரணருக்கு உம்பற்காட்டு வருவாய். அரிசில் கிழாருக்கு அரசு கட்டிலையே கொடுக்க, அவர் அதைத் திருப்பித் தந்துவிட்டு அமைச்சராகிறார். நச்செள்ளைக்கு? நகை செய்து அணிந்துகொள்ளச் சொல்லி ஒன்பது காப் பொன், நூறாயிரம் காணம். கூடவே, அரசன் அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்று ஒரு வரி. நான் முதுகலை படித்தபோது, அந்த வரி வந்ததும் பாடம் நடத்தியவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வகுப்பு சிரித்தது. கபிலர் எந்த அரசன் பக்கத்தில் இருந்தாலும் அது நட்புதான். இப்போது அந்த இடத்தை நான் நடத்தும்போது பரிசில்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டுப் பேசாமல் நிற்கிறேன். நிலம், வருவாய், கட்டில், நகை. மாணவிகளே படித்துக்கொள்கிறார்கள்.

இருபது வருட வருகைப் பதிவேடுகளில் எத்தனையோ தமிழ்ப் பெயர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். வேதாசலம் மறைமலை ஆனதிலிருந்து பெயர் நமக்கு ஓர் அரசியல். அதில்கூட ஒரு விநோதம் உண்டு. வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தந்து அகரவரிசை தொகுத்த அவர் மகள், நீலாம்பிகை என்ற பெயராலேயே அறியப்பட்டார். திராவிட இயக்கம் வளர்ந்த பிறகு கிராமத்துப் பள்ளி வரைக்கும் கண்ணகி, மணிமேகலை, கயல்விழி, தமிழ்ச்செல்வி வந்தார்கள். என் அம்மா காலத்துக் கருப்பாயிகளும் செல்லாயிகளும் பதிவேட்டிலிருந்து கழன்றுபோனார்கள். ஆனால் என் பெயர் கொண்ட இன்னொருத்தியை நான் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. நன்முல்லை ஒருத்தி வந்தாள், ஆதிமந்தி ஒருத்தி. வெள்ளிவீதி யாரும் வரவில்லை. ஔவை என்று சொன்னாலே கோலூன்றிய கிழவி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறாள். பாடப்பட்ட பெண்களின் பெயரைத்தான் நாம் பெண்பிள்ளைகளுக்கு வைக்கிறோம், பாடிய பெண்களின் பெயரை வைப்பதில்லை.

என் அப்பா வைத்தார். அதற்காக அவரை ஊரே மெச்சியது. எங்கள் ஊர் கரூர்ப் பக்கம். கரூர்தான் வஞ்சி என்று நம்பியவர் அவர். புகளூர் ஆறுநாட்டார் மலைக்கு என்னைச் சைக்கிளில் கூட்டிப்போய், பாறையில் வெட்டியிருக்கும் இரும்பொறைகளின் பெயர்களைக் காட்டியிருக்கிறார். தாத்தன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை. "நீ சேரனைப் பாடினவ" என்பார். விருந்தாளி வந்தால் என்னை நிறுத்திப் புறநானூற்று 278ஐச் சொல்லச் சொல்வார். மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட கிழவி, அது உண்மையானால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு போகிறாள். களத்தில் சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். எனக்குப் பத்து வயது. அந்தச் சொல்லைக் கூடத்தில் நின்று உரக்கச் சொல்வேன். அப்பாவின் கண் கலங்கும்.

எனக்குக் குழந்தை பிறந்து, பேறுகால விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய முதல் வாரம், மூன்றாம் மணி வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது பால் கட்டிக்கொண்டது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பாடத்தை முடித்தேன். கழிப்பறையில் பிழிந்து ஊற்றினேன். அந்த இரவு எழுதியது என் முதல் தொகுப்பில் இரண்டு பக்கக் கவிதை. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்தது. அந்தத் தலைப்புக்காக அவரையும், உடம்பை எழுதிய மற்றப் பெண்களையும் எப்படியெல்லாம் பேசினார்கள் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தெரிந்தேதான் என் கவிதையில் அந்தச் சொல்லை வைத்தேன்.

புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்று ஒற்றுப்பிழைகளைப் பென்சிலால் திருத்தியிருந்தார். அந்த இரண்டு பக்கங்களை மட்டும் ஒன்றாக மடக்கி, நான்கு ஓரத்திலும் ஸ்டேப்ளர் அடித்திருந்தார். "வீட்டுக்கு நாலு பேர் வர்றாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, அன்றைக்கும் பிறகும்.

நான் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். நச்செள்ளையின் பெயரை எனக்கு வைத்தவர், நச்செள்ளையின் சொல்லை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். அந்தச் சொல் மகனைப் போருக்கு அனுப்பிய தாயின் வாயில் வந்தால் பாடம். பால் கட்டி வலிக்கிற தாயின் வாயில் வந்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கக் கூடாதது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பெண்ணை மதிப்பது எளிது. அவள் அடுத்த பாட்டை எழுதப்போவதில்லை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. போன தையில் ஊருக்குப் போனபோது அம்மா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கொண்டை ஊசியால் பின்னை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்திருந்தாள்.

"உங்கப்பாரு எதுக்கு இதெக் குத்தி வெச்சாருன்னு பாத்தேன் கண்ணு."

"படிச்சியாம்மா?"

"படிச்சேன். பால் கட்டுனா வலிக்கத்தான செய்யும்? இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?"

பிறகு அட்டையைத் திருப்பி என் பெயரை விரலால் தடவினாள். நான் பிறந்தபோது பாட்டி பெயரை, செல்லாயி என்று, வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அது எனக்குத் தெரியும். அப்பா அந்தப் பெயரைப் பட்டிக்காட்டுப் பெயர் என்று தள்ளிவிட்டார் என்பதும் தெரியும். நீ ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எங்க விட்டுக்குடுத்தேன்? அவரு ஏதோ புஸ்தகத்துல பாத்துச் சொன்னாரு. எனக்குச் செல்லாயின்னுதான் காதுல உழுந்துச்சு. முன்னால நல்ல-ன்னு வேற வருதுன்னாரு. நல்ல செல்லாயி. சரீன்னுட்டேன்."

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். லகரமும் ளகரமும் அவ்வளவு சுலபமாக ஒன்றாகிவிடாது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் இதைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் என் பெயர் ஒரு புத்தகத்திலிருந்து மட்டும் வந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தது தப்பு. பெயர் வைக்கும் உரிமை இல்லாத ஒருத்தி, அப்பா வைத்த பெயருக்குள்ளேயே தன் தாயின் பெயரைக் கேட்டு வைத்திருந்தாள். யாருக்கும் தெரியாமல், நாற்பத்தைந்து வருடமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள்.

அடுத்த முறை அந்த டோக்கன் பெண் தடுமாறி, செல்லாயி என்று கூப்பிட்டால், திருத்தாமல் எழுந்து போவேன்.