ஐந்தாவது விநாடி

வேப்பம்பட்டு ஸ்டேஷனை ஒட்டிய டீக்கடையில் போன மாதம் என்மேல் ஒரு பஞ்சாயத்து நடந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோக்காரனுக்கு இது ஒரு சௌகரியம். வாயைத் திறக்காதவரை அவனை யாருக்கும் தெரியாது.

“பழைய ஆள் பேசினா தூக்கம்தாண்ணே வரும். ஒரு வார்த்தை சொல்லுவாரு, அப்புறம் டீ குடிக்கப் போயிடுவாரு போல. இந்தப் புதுத் தம்பி எடுத்த எடுப்புலயே அலற விடுறான்,” என்றார் பால் வண்டி ஓட்டுகிற ஒருவர்.

“அலர்றது அவன் இல்லப்பா, கம்ப்யூட்டரு,” என்றார் எதிரில் இருந்த பெரியவர். ஏதோ ஏடிஎம்மில் ராக்காவல் இருப்பவர். சீருடையோடு வண்டியை விட்டு இறங்கியிருந்தார். “அந்தாளு பேசுறப்ப நான் ரெண்டு தரம் பின்னாடி திரும்பிப் பாத்திருக்கேன். இவன் பேசுறப்ப வால்யூமைக் குறைக்கிறேன்.”

எனக்கு ஒரு ஓட்டு, அவனுக்கு ஒரு ஓட்டு. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “ரெண்டு பேருமே பேயைக் காட்டல.”

11 வருஷம், வாரத்துக்கு ஐந்து ராத்திரி, 12 மணி முதல் 2 மணி வரை அந்த அமானுஷ்ய நிகழ்ச்சியை நடத்தியவன் நான். போன பொங்கலோடு ஒப்பந்தம் முடிந்தது. எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. சோறு போட்ட இடம். வழியனுப்பும்போது கேக் வெட்டினார்கள். அதில் என் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தார்கள். அதைக்கூட மன்னித்துவிட்டேன். புதுத் தம்பிக்குப் போட்ட புரோமோவில் ‘இனிமே ராத்திரி போர் அடிக்காது’ என்று சொன்னார்களே, அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் தொழில் கற்றது காமராஜர் சாலையில், அகில இந்திய வானொலியில். கேஷுவல் அறிவிப்பாளன், மாதம் 6 டூட்டி. அங்கே நாடகப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ‘ஐயா’. இடி வேண்டுமென்றால் தகரத்தை ஆட்டுவார். தீப்பிடிக்க வேண்டுமென்றால் மைக்குக்குப் பக்கத்தில் செலோஃபேன் தாளைக் கசக்குவார். குதிரைக்குக் கொட்டாங்குச்சி. பேய்க்கு என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணும் செய்ய மாட்டேன்,” என்றார். “அது வர்றதுக்கு எடம் விடுவேன்.”

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. விளங்க வைப்பதற்காக அவர் என் கையில் கொடுத்தது பேய்க் கதை என்று நினைத்தால் தப்பு. மேட்டூர் அணையின் நீர்மட்டம். ஒரு பழைய அறிவிப்புத் தாளை எடுத்துப் படி என்றார். அடி, வரத்து, திறப்பு என்று ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எங்கும் தடுமாறவே இல்லை என்று எனக்குப் பெருமை.

“யாருக்குப் படிச்ச?”

“நேயர்களுக்குங்கய்யா.”

“நேயர்கள்னு யாரும் கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒருத்தன் திண்ணையில உக்காந்திருக்கான். அணையோட முழு உயரம் 120 அடின்னு அவனுக்குத் தெரியும். நீ சொல்ற அடிய நேத்து அடியில கழிக்கணும். இன்னும் எத்தன நாளைக்குத் தண்ணி வரும், நாத்து விடலாமா வேண்டாமான்னு பாக்கணும். அவன் கழிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ வரத்துக்குப் போயிட்ட. அவன் கணக்கு அந்தரத்துல நிக்குது.”

மூன்று மாதம் அதே தாள். அவர் ஸ்டாப் வாட்சை எடுத்து வைத்துக்கொள்வார். ஆனால் நான் பேசிய நேரத்தை அளந்ததே இல்லை, நிறுத்திய நேரத்தைத்தான் அளப்பார். இடம் கூடினால், “அவன் எந்திரிச்சுப் போயிட்டான்” என்பார். குறைந்தால், “இன்னும் கழிச்சிட்டிருக்கான்” என்பார். ஒருநாள், அணையின் அடியைச் சொல்லி நிறுத்தினேன். அந்தத் திண்ணைக்காரன் விரலை மடக்குவது எனக்குத் தெரிந்தது. விரல் நின்றதும் அடுத்த வரிக்குப் போனேன். ஐயா வாட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “போய் டீ குடி” என்றார். என் வாழ்நாளில் கிடைத்த பெரிய விருது அதுதான்.

பேய்க் கதையும் ஒரு நீர்மட்ட அறிவிப்புதான். ‘பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது’ என்று சொல்லி நான் நிறுத்தினால், கேட்கிறவர் தன் வீட்டுப் பின்கட்டை எழுப்பிக்கொள்கிறார். அவர் பாட்டி வீட்டுத் தாழ்ப்பாள், அந்தத் துளசி மாடம், அணைத்துவிட்டு வந்த விளக்கு. அதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு ‘கிரீச்’சைப் போட்டால் என்ன ஆகும்? எஃபெக்ட் லைப்ரரியில் இருக்கிற கதவு வெள்ளைக்காரன் மாளிகைக் கதவு. பாட்டி வீடு இடிந்துவிழும். இப்போது வருகிற ‘ஹாரர் பேக்’கில் ஓநாய் ஊளையிடுகிறது. வேப்பம்பட்டில் ஓநாய் ஏது? இங்கே தெருநாய்தான், அதுவும் ஊளையிட்டால் வீட்டில் பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

2003 வாக்கில் சென்னையில் தனியார் எஃப்எம்கள் வந்தபோது எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். போன இடத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது, சைலன்ஸ் டிடெக்டரைத் தவிர. ஒலி மைனஸ் 40 டெசிபலுக்குக் கீழே 5 விநாடி போனால் ஒலிபரப்பு செத்துவிட்டது என்று அது முடிவு கட்டிவிடும். கையிலிருக்கும் விளம்பர ஸ்பாட்டைத் தானே எடுத்து ஓட்டும். முதல் வாரம், கிணற்றில் விழுந்த பெண்ணின் கதை. ‘எட்டிப் பார்த்தால், தண்ணீரில்...’ என்று நிறுத்தினேன். நான்கு விநாடி. அருமையாக இறங்கியிருந்தது. ஐந்தாவது விநாடியில் அட்சய திருதியை நகைக்கடை விளம்பரம் வந்து, கிராமுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று கத்தியது. மறுநாள் ஒரு காலர் கேட்டார்: “சார், அந்தப் பொண்ணு நகைக்காகத்தான் செத்தாளா?”

விநாடியைக் கூட்டச் சொல்லி மேலே எழுதிக் கொடுத்தேன். விளம்பரதாரர்களுக்குப் பதில் சொல்ல முடியாது என்றார்கள். இரண்டு வருஷம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு கார்த்திகை மாத ராத்திரி, மழை விட்டபின், வீட்டு மொட்டைமாடியில் ரெக்கார்டரை வைத்தேன். வீடு கட்டாத மனைகளில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. டிரான்ஸ்ஃபார்மர் முனகல். அரக்கோணம் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி, வெகு தூரத்தில். அதை 40 நிமிடம் எடுத்து, நான் நிறுத்தும்போது அடியில் ஓடவிட்டேன். ஃபேடரைச் சரியான இடத்தில் வைத்தால் டிடெக்டருக்கு அது சத்தம், நேயருக்கு அது அமைதி. இன்னொரு லாபமும் கிடைத்தது. என் குரல் நின்றதும் பிராசஸர் மெதுவாக லெவலைத் தூக்கும். தவளைகள் ஒவ்வோர் அடியாக நெருங்கி வருவதுபோல இருக்கும். ஏடிஎம் பெரியவர் பின்னால் திரும்பிப் பார்த்தது அதனால்தான். அந்தக் கோப்புக்கு ‘வேப்பம்பட்டு ராத்திரி’ என்று பெயர் வைத்திருந்தேன். புதுத் தம்பி வந்த முதல் வாரமே, சர்வரில் இடம் இல்லையென்று அதை அழித்துவிட்டானாம். ராத்திரி டூட்டி இன்ஜினியர் சொன்னார்.

அந்த ராத்திரிக் கோப்பு இல்லாவிட்டால் பட்டாபிராம் பக்கத்து அம்மாவின் அழைப்பை நான் கெடுத்திருப்பேன். பேய் நிகழ்ச்சிக்கு வருகிற அழைப்பில் பாதி பேயைப் பற்றியதே கிடையாது, செத்துப்போனவர்களைப் பற்றியது. அவருடைய வீட்டுக்காரர் மூன்றாவது ஷிப்டு பார்த்தவர். இறந்து ஒரு வருஷம். “இப்பவும் அந்த நேரத்துக்கு கேட்டு திறக்குற சத்தம் கேக்குது சார்,” என்று சொல்லி அந்த அம்மா நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன். 9 விநாடி. தவளை கத்திக்கொண்டிருந்தது. பிறகு அவரே சொன்னார்: “சாப்பாடு எடுத்து மூடி வெச்சிட்டுத்தான் சார் படுப்பேன்.” இதற்குமேல் நிகழ்ச்சி நடத்துகிறவன் என்ன கேட்க வேண்டும்? இன்றைக்கு என்றால், ‘கேட்டைத் திறந்தது யாரு? பாத்தீங்களா?’ என்று கேட்டு ஒரு ஸ்டிங்கும் போட்டிருப்பார்கள்.

பழைய ஆளா, புது ஆளா என்கிற இந்த வழக்கு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஆர்ட் பெல் என்று ஒருவர் இருந்தார். நெவாடா பாலைவனத்தில் பரம்ப் என்கிற சிற்றூரில், தன் வீட்டிலிருந்தே ‘கோஸ்ட் டு கோஸ்ட் ஏஎம்’ நடத்தியவர். நள்ளிரவில் பறக்கும் தட்டு, ஆவி, காலப் பயணம் என்று யார் என்ன சொன்னாலும் கேட்பார். அழைப்புகளை முன்கூட்டி வடிகட்டாமல் அப்படியே காற்றில் விடுவார். அந்தத் தைரியம் எனக்குக்கூட வந்ததில்லை. 1997 செப்டம்பரில், ஏரியா 51இல் வேலை பார்த்ததாகச் சொல்லி ஒருவன் அழுதுகொண்டே பேசும்போது செயற்கைக்கோள் தொடர்பு அறுந்தது. அந்த வெறுமைதான் அவருடைய நிகழ்ச்சிகளிலேயே பேர்பெற்றது. 2003இல் வாரநாட்கள் ஜார்ஜ் நூரி கைக்குப் போயின. அன்றைக்குத் தொடங்கிய சண்டை. ‘நூரி விருந்தாளி சொல்வதைக் காதில் வாங்குவதில்லை’ என்று ஒரு கட்சி. ‘பெல் மாதிரி திடீர் திடீரென்று விலகிப் போகாமல் தினமும் வருகிறாரே’ என்று இன்னொரு கட்சி. பெல் பலமுறை ஓய்வு பெற்றார், பலமுறை திரும்பினார். 2018 ஏப்ரல் 13, ஒரு வெள்ளிக்கிழமை, காலமானார். நூரி 20 வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்துவிட்டார். இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

இடம் விடுவது என் கண்டுபிடிப்பும் இல்லை, ஐயாவுடையதும் இல்லை. சென்னை வானொலி நிலையம் தொடங்கிய அதே 1938இல், அக்டோபர் 30 அன்று, ஆர்சன் வெல்ஸ் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பை நாடகமாகப் போட்டார். ஊரே ஓடியது என்று பத்திரிகைகள் எழுதியது மிகை. ஆனால் களத்திலிருந்து பேசிக்கொண்டிருந்த நிருபரின் குரல் நடுவில் அறுந்து, அதன்பின் ஒன்றுமே வராமல் போகும் இடம் இருக்கிறதே, அங்கேதான் அந்த நாடகம் நிற்கிறது. அரக்கனின் அலறலில் நிற்கவில்லை.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். குரலை வைத்துப் பிடித்துவிட்டார்கள். பால் வண்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அதுவரை பேசாமலிருந்த ஒரு பையன், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் இருப்பவன், கூச்சப்படாமல் சொன்னான்: “தப்பா எடுத்துக்காதீங்க சார். ராத்திரி பூரா மிஷின் அடிச்சிக்கிட்டு இருக்கும். ஒரு காதுல இயர்போன். நீங்க நிறுத்தினா போன் கட்டாயிடுச்சுன்னு எடுத்துப் பாப்பேன். எங்களுக்கு உங்க தவளையெல்லாம் கேக்காது சார். அந்தப் புது அண்ணன் கத்துனாத்தான் தூக்கம் போவும். தூங்கினா கை போயிடும்.”

பதில் சொல்ல முடியவில்லை. என் திண்ணைக்காரனை நான் ஏடிஎம் வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில், மூடிய கடைப் படியில் எல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிரஸ் மிஷின் முன்னால் வைத்துப் பார்த்ததில்லை. அது என் தப்பு. ஐயா இருந்திருந்தால் வாட்சைக் காட்டியிருப்பார்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மிஷின் சத்தமே இல்லாதவர்களுக்கு என்ன அவசரம்? பாட்காஸ்ட் கேட்கிற ஆப்பில் மௌனத்தைத் தானாக வெட்டி எடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் குரல் வந்துவிட்டது. அதற்கு மூச்சு வாங்க வேண்டியதே இல்லை, பிறகு எங்கே நிறுத்துவது? புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ஒன்றரை வேகத்தில் கேட்டவனுக்கு அதில் என்ன மிஞ்சும் என்று நினைத்தாலே எனக்கு ஜுரம் வருகிறது. இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகள் எந்த சாஃப்ட்வேர் தெரியும் என்று பட்டியல் கொடுக்கிறார்கள். ஒரு வாக்கியத்தை எங்கே விட வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்கவும் யாரும் கேட்பதில்லை.

போன வாரம், தூக்கம் வராமல் மாடியில் ரேடியோவைப் போட்டேன். மணி 12.40. ஒரு வயதான காலர். “அன்னைக்கு ராத்திரி அவ என்ன சொன்னான்னா...” என்று தொடங்கி நின்றுவிட்டார். கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. இப்போது ஓநாய் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மூன்று. தம்பி மூச்சுகூட விடவில்லை. நான்கு. நிஜமாகவே காத்திருந்தான்.

ஐந்தாவது விநாடியில் நகைக்கடை வந்தது.

‘வேப்பம்பட்டு ராத்திரி’ இன்னும் என் போனில் இருக்கிறது. 40 நிமிடமும் அப்படியே. அவன் கேட்டால் கொடுப்பேன்.