வாசிப்பதும் வைத்தியரிடம் கேட்பதும்

நீரிழிவு போல ஆயுள் முழுவதும் உடன்வரும் வியாதியுடையவர்கள், வைத்தியர் ஒதுக்கும் சில நிமிஷங்களில் கேட்க இயலாமற்போன சந்தேகங்களுக்கு இரவில் கைபேசியில் விடை தேடுவதை அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் கண்டிப்பது எனக்குச் சம்மதமில்லை.

மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதையும், பாதங்கள் மரத்துப்போவதற்கு நீரிழிவேயன்றி அக்குறைவும் காரணமாகலாம் என்பதையும் இணையத்தில் வாசித்தறிந்தே என் தாயார் தம் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கோரினார். 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும், இத்தகைய அறிகுறியுள்ளோருக்கு அப்பரிசோதனையைச் செய்யும்படி வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆனால், அதே திரையில் ஏதோவொரு கஷாயத்தைப் புகழ்ந்து, இன்சுலினை நிறுத்திவிடச் சொல்லும் காணொளிகளும் வருகின்றன; முதல் வகை நீரிழிவுள்ளவர் அவற்றை நம்பினால் பிராணனுக்கே அபாயம்.

ஆகவே நண்பர்களே, தாராளமாக வாசியுங்கள். வாசித்ததைக் கேள்வியாக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். அவரைக் கலந்தாலோசிக்காமல் மருந்தை மட்டும் மாற்றாதீர்கள்.