பார்த்துக் கற்ற கலை

திருவரங்கத்தில் வேதமும் திவ்யப் பிரபந்தமும் கற்பிக்கும் முறைக்குச் 'சந்தை' என்று பெயர். ஆசார்யர் ஒரு முறை சொல்ல, மாணவர் இரு முறை சொல்வர். சொந்தமாக ஓர் எழுத்தையும் சேர்ப்பதில்லை. ஓவியக் கலையிலும் இதற்கு நிகரான வழி உண்டு. பெரும் ஓவியர் ஒருவரின் படத்தை எதிரே வைத்து, அதனை அப்படியே எழுதிப் பழகுவதே அது. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் அனுமதி பெற்றவர்கள் பழைய ஓவியங்களின் முன் நின்று படி எழுதுகின்றனர்.

எண்ணெய் வண்ணம் மெதுவாகவே உலரும். ஆகவே ஒளியிலிருந்து நிழலுக்கு, கோடு தெரியாமல் வண்ணத்தை இழைக்க இயலும். கன்னத்தின் திரட்சியும் பட்டுப்புடவையின் மினுமினுப்பும் அவ்வாறு பிறப்பவை. படி எழுதுபவர் முதலில் கட்டங்கள் இட்டு அளவு எடுப்பார். பிறகு ஒரே பழுப்பு நிறத்தில் நிழலை நிறுத்துவார். அதன் மேல்தான் வண்ணங்கள் படலம் படலமாக ஏறும். அவசரப்பட்டால் அடிப்படலம் உலருமுன் மேற்படலம் உலர்ந்து வெடித்துவிடும். கைத்திறனுக்கு முன்னே பொறுமையைக் கேட்கும் கலை இது.

இக்கலையை நம் நாட்டில் நிலைநாட்டிய ராஜா ரவிவர்மாவுக்கு (1848–1906) முறையான குரு வாய்க்கவில்லை. திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த ஓவியர் கற்பிக்க மறுத்தார் என்பர். 1868-இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும், தாம் எழுதுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தாராம். அந்த இளைஞர் மனம் சலிக்கவில்லை. கண்டதை மனத்தில் வாங்கி, தனியே அமர்ந்து எழுதி எழுதிப் பார்த்தார். துரோணரின் மண்ணுருவத்தின் முன் வில்வித்தை பயின்ற ஏகலைவன் நினைவுக்கு வருகிறான் அல்லவா?

பின்னர் அவர் கொல்லூர் சென்று, அன்னை மூகாம்பிகையை 41 நாட்கள் விரதமிருந்து வழிபட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தினரை எழுதியதே, ஊதியம் பெற்று அவர் எழுதிய முதல் படமாம். 1873-இல் வியன்னா கண்காட்சியில் அவரது ஓவியம் பரிசு பெற்றது.

இதனினும் பெரிது, அவர் பின்னாளில் செய்தது. தமக்கு மறுக்கப்பட்டதைத் தாம் பிறருக்கு மறுக்கவில்லை. 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் எளியோரும் வாங்கும் படங்களாக்கினார். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-இல். மதுரை மீனாட்சி சந்நிதி அனைவருக்கும் திறந்தது 1939-இல். அதுவரை கோயில் வாசலில் தடுக்கப்பட்ட மக்களின் வீட்டுச் சுவருக்கு, அத்தகைய படத்தின் வழியே அம்பாள் முன்னமே எழுந்தருளிவிட்டாள்.

அந்த மரபு தமிழ்நாட்டிலும் வேர்விட்டது. ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியிருந்த கொண்டையராஜு, பின்பு கோவில்பட்டியில் சீடர்களை உருவாக்கினார். அவர்கள் எழுதிய முருகனும் மீனாட்சியும் நாட்காட்டிகளில் ஏறி, மணப்பாறை போன்ற ஊர்களின் கடைகளிலும் பூஜையறைகளிலும் இடம்பெற்றனர்.

படி எழுதுவது பிறர் சொத்தைக் கவர்வது போன்றது எனச் சிலர் கருதுவர். மூலத்தை மறைத்துத் தன்னுடையது என்று சொன்னால்தான் அது குற்றம். குருவின் பெயரைச் சொல்லி எழுதினால் அதுவும் ஒரு பாராயணமே. அதற்கு வயது வரம்பும் இல்லை. பணி ஓய்வு பெற்றவரும் ஒரு சிறு படத்தை எடுத்து வைத்துத் தொடங்கலாம். அம்பிகையின் முகத்தை ஒரு மாதம் உற்றுநோக்கி எழுதுபவருக்கு, படம் நன்றாக அமையாவிடினும் தியானம் கைகூடிவிடும்.