ருத்திரப் பிரயாகையும் ஒரு தோட்டாவும்

ரிஷிகேசத்திலிருந்து பதரிகாசிரமம் செல்லும் மலைப் பாதையில், சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் ருத்திரப் பிரயாகை இருக்கிறது. கேதாரத்திலிருந்து வரும் மந்தாகினியும் பதரியிலிருந்து வரும் அலகநந்தையும் இங்கே கூடுகின்றன. இரு தலங்களுக்கும் போகும் யாத்திரிகர்கள் வழி பிரிவதும் இங்கேதான். தேவாரம் பெற்ற கேதாரமும், ஆழ்வார்களின் மங்களாசாசனம் பெற்ற பதரியும் தமிழர்களுக்கு அந்நியமானவையா, என்ன?

ஊருக்கு அருகில் குலாப்ராய் என்னும் இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1918 முதல் 1926 வரையில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தை மடிந்த இடம் அது. அந்த எட்டு வருஷங்களில் பொழுது சாய்ந்தபின் அப்பாதையில் மனித நடமாட்டமே இராது. ஜிம் கார்பெட் அங்கே ஒரு மாமரத்தின்மேல் பத்து இரவுகள் வீணே காத்திருந்தார். பதினோராவது இரவு, கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்துமணி ஒலித்தது. ஒரே வெடி, மலைநாட்டின் பயம் தீர்ந்தது.

அவர் கையிலிருந்தது லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்த '275' ரைபிள். 1907-ல் சம்பாவத்தில் ஓர் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினென்ட் கவர்னர் ஹியூவெட் அளித்த பரிசு அது. துப்பாக்கிதான் ஆங்கில நாட்டது. அதற்குரிய தோட்டாவோ ஜெர்மனியில் மவுஸர் சாலையில் பிறந்தது. குண்டின் குறுக்களவு சுமார் 7 மில்லிமீட்டர். பித்தளைக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். ஸ்பெயின் தேசத்தார் 1893-ல் அதைத் தங்கள் படைக்கு ஏற்றுக்கொண்டார்கள்.

அதன் பிறகு இத்தோட்டா செல்லாத தேசமில்லை. 1899-ல் மூண்ட யுத்தத்தில் போயர் குடியானவர்கள் இதைக் கொண்டே பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சேனையைத் திணற அடித்தார்கள். கொலென்ஸோவிலும் ஸ்பியன் காப்பிலும் காயமுற்று விழுந்த சிப்பாய்களைத் தூக்கிச் சுமந்தவர்கள் யார்? காந்தியடிகள் திரட்டிய இந்திய வைத்தியத் தொண்டர் படையினர். சுமார் 1,100 பேர். அவர்களில் பெரும்பாலோர் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தவர்கள். தமிழர்களும் அவர்களில் இருந்தனர். ஸ்காட்லாந்துக்காரரான பெல் என்பவர் தந்தத்துக்காக ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பகுதி இதே சிறு தோட்டாவுக்குத்தான் இரையாயின. வீரம் என்பதா, பாதகம் என்பதா?

மான் முதல் மதயானை வரை ஒரே தோட்டா உதவியதன் ரகசியம் அதன் நடுத்தர அளவில் இருக்கிறது. மருந்து மிதமானது, ஆகையால் தோளில் உதை குறைவு, சுடுகிறவன் கை நடுங்காமல் குறி வைக்கலாம். குண்டோ மெலிந்து நீண்டது. எனவே ஆழமாய்ப் பாயும். 9 கிராம் குண்டு வைத்தால் வேகமாகவும் அதிகம் தாழாமலும் தூரம் செல்லும்; 11 கிராமுக்குச் சற்று மிகுந்த குண்டு வைத்தால் கனத்த மிருகத்தையும் ஊடுருவும். இதைவிட வேகமும் பலமும் வாய்ந்த எத்தனையோ தோட்டாக்கள் பின்னர் வந்தன. ஆயினும் நூற்றாண்டுக்கு மேலாகியும், மேனாடுகளில் இதை இன்னும் செய்து விற்கிறார்கள்.

நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை விளையாட்டு பெரும்பாலும் ஒழிந்தது. கார்பெட்டே பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் காமிராவை அதிகம் விரும்பினார். 1936-ல் குமாவுன் மலையடிவாரத்தில் ஏற்பட்ட தேசிய வனம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

கார்வால் மலைகளில் சிறுத்தைகள் இன்றும் உண்டு. அந்தி சாய்ந்ததும் குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைத் தாழிடும் தாய்மாரும் உண்டு. ஆட்கொல்லியிடமிருந்து மனிதரைக் காப்பது ஒரு கடமை. மனிதரிடமிருந்து காட்டைக் காப்பது மற்றொன்று. குலாப்ராய்ச் சின்னத்தின் முன் நிற்கும் யாத்திரிகர் இரண்டையும் நினைத்துக் கொள்வது நலம்.