பொத்தானைப் பூட்டச் சொல்லுங்கள்

"இப்ப எல்லாத்தையும் பம்ப் பாக்கும், அன்ரி" என்றாள் அந்தப் பிள்ளை. டோர்ட்முண்டில் பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை, எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாகத் தாதியாக வந்தவள். நான் ஓய்வு பெற இரண்டு கிழமைதான் இருந்தது. அந்தப் பேச்சு இன்னும் எனக்குச் செமிக்கவில்லை.

மருந்தேற்றும் பம்புக்கு அழுத்தம் தெரியும், எரிவு தெரியாது. டொக்சோரூபிசின் என்ற மருந்து நாளத்தை விட்டுக் கசிந்தால் சதை அழுகும். பல வேளை பம்ப் சத்தமே போடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். தோலுக்கடியில் மருந்தேற்றும் போர்ட் இல்லாதவருக்கு முன்கையில் நல்ல நாளமாகத் தேடி, சேலைன் ஓட ஓட, இரத்தம் திரும்பி வருகிறதா என்று இடையிடையே பார்த்து, கையால் மெல்ல ஏற்ற வேண்டும். கசிந்துவிட்டால் டொக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டினுக்குச் சூடு. ஆர்-சொப் என்ற கூட்டு மருந்து முறையில் இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் போகிற மருந்துகள். எதற்கு எது என்று அந்த நேரத்தில் திரையில் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

எனக்கு இதெல்லாம் பழக்கியவர் எங்கள் பிரிவின் தலைமைத் தாதி. சிரிக்கவே மாட்டார். ஒவ்வொரு சுற்றிலும் வின்கிறிஸ்டின் பையைத் தொங்கவிட முன்னர், நோயாளியைச் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றித் திரும்பப் பூட்டச் சொல்வார், குனிந்து பார்க்காமல். பிறகு நடைகூடத்தில் குதிக்காலால் நடக்க விடுவார். கடைசியாக, மலம் எப்போது போனது என்று கேட்பார். அந்த மருந்து நரம்பைத் தின்னும்: முதலில் விரல் நுனி மரக்கும், பிறகு பாதம் தொங்கும், குடலும் அசையாமல் நின்றுவிடலாம். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நோயாளிகள் இதை மறைப்பார்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "நல்லம்" என்பார்கள். "கேட்காதே, செய்யச் சொல்" என்பது அவர் சட்டம்.

ஒருமுறை ஒரு தச்சர். கேட்டபோது ஒன்றுமில்லை என்றவர், பொத்தானோடு மல்லுக்கட்டி வியர்த்துப்போனார். தலைமைத் தாதி பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வைத்தியரைக் கூப்பிட்டார். வைத்தியர் அன்றைய அளவைக் குறைத்தார். தொழிலுக்குக் கையை நம்பியிருந்த மனிதர் அவர்.

இப்போது கணினியில் 'நரம்புப் பாதிப்பு: 0' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். கட்டிலுக்கு அருகே போகாமலே தட்டியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மருந்து மாறிவிட்டது என்று சமாதானம் சொல்ல வேண்டாம். 1978இல் பேராசிரியர் ஃபோல்கர் டீல் தொடங்கிய ஜேர்மன் ஹொட்ஜ்கின் ஆய்வுக்குழு, முற்றிய ஹொட்ஜ்கின் நோய்க்கு 2024இல் பிரெகாட் என்ற புதிய முறையின் முடிவுகளை வெளியிட்டது. நான்கு ஆண்டு கழித்தும் 94 வீதத்துக்கு மேற்பட்டோரில் நோய் முன்னேறவில்லை. பெரிய வெற்றி, எனக்கும் பெருமைதான். அந்த ஆய்வில் சேர்ந்த 1,500 பேருக்கும் யாரோ ஒரு தாதிதான் சேலைன் பூட்டினாள். வின்கிறிஸ்டினைப் புதிய முறையில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதில் சேர்த்த பிரென்டக்சிமாபும் விரலை மரக்கவைக்கிற மருந்துதான்.

ஜேர்மனியில் 2020இல் நடைமுறைக்கு வந்த தாதியர் சட்டம், நோயாளிக்கு என்ன பராமரிப்புத் தேவை என்று கணிப்பதைத் தாதிக்கே உரிய வேலை என்று முதன்முறையாக எழுதிவைத்தது. எத்தனை வருடம் கேட்டுப் பெற்ற உரிமை! கணிப்பதற்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று கடைசிக் கூட்டத்திலும் கேட்டேன். அட்டவணையில் இடமில்லை என்றார்கள்.